டெபியன் 11இலிருந்து 12க்கு ஏற்றிய பின் காட்சி விளைவுகள் காணவில்லை. ஆனால் வரைகலை இயக்கி இருப்பதாகவே காட்டுகிறது

வெண்திரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஞாயிறன்று என் மடிக்கணினியில் உள்ள லினக்ஸ் இயங்குதளமான டெபியனை 11இலிருந்து 12க்கு மேம்படுத்தினேன். மேம்படுத்தல் பிழை எதுவுமின்றி முடிந்தது, மேசைத்தளச் சூழலான பிளாஸ்மா 5.20 இருந்த இடத்தில் 5.27 வந்தது, இயங்குதளத்தின் கருவான கெர்னல் 6.1 ஆயிற்று. ஆனால் உள்ளே நுழைந்த முதல் நிமிடத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சாளரத்தைப் பிடித்து இழுத்தால், சுட்டி முன்னே போய்விடுகிறது, சாளரம் சற்றுப் பொறுத்துப் பின்னால் வந்து சேர்கிறது. முனையத்தில் வேகமாகத் தட்டினால் எழுத்துகள் மூன்று நான்காகச் சேர்ந்து விழுகின்றன. மின்விசிறியோ மாவு மில்லைப் போல ஓயாமல் ஓடுகிறது.

இதைவிட எனக்குப் புதிராக இருப்பது காட்சி விளைவுகளின் கதைதான். நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த தள்ளாடும் சாளரங்கள் என்ற விளைவு அணைந்துபோகவில்லை. அமைப்புகளில் உள்ள பட்டியலிலேயே அது இல்லை. மேசைத்தளங்களைக் கனசதுரமாகச் சுழற்றும் விளைவும் அப்படியே மறைந்துவிட்டது. பட்டியின் பின்புறம் முன்பு பனிக்கண்ணாடி போல மங்கித் தெரியும். இப்போது வெறும் கண்ணாடியாக, பின்னால் உள்ள எழுத்துகள் எல்லாம் அப்பட்டமாகத் தெரிகின்றன.

கணினி 2016இல் வாங்கியது. இன்டெல் ஐ5-6200யு செயலி, அதற்குள்ளேயே அமைந்த எச்டி கிராஃபிக்ஸ் 520, 8 ஜிபி நினைவகம், 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை. தனி வரைகலை அட்டை கிடையாது.

நான் இதுவரை பார்த்தவை இவை. பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை, ஐ915 என்ற கெர்னல் இயக்கி பயன்பாட்டில் இருப்பதாகத் தெளிவாகச் சொல்கிறது. திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரின் பதிவுக் கோப்பில் மோட்செட்டிங் என்ற அதன் இயக்கி ஏறியிருக்கிறது. கிளாமர் என்ற வரைகலை முடுக்கம் கிடைத்துவிட்டதாகவும், எச்டி கிராஃபிக்ஸ் 520 என்ற சாதனத்தை அது கண்டுகொண்டதாகவும் எழுதியிருக்கிறது. என் அமைப்புக் கோப்புகளில் பழுது இருக்கலாம் என்று ஐயுற்று, புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து அதில் நுழைந்தும் பார்த்தேன். அங்கும் இதே மந்தம், இதே மறைவு. ஆகவே பிளாஸ்மாவின் அமைப்புகள் காரணமல்ல, இயக்கியிலேயே ஏதோ குறை என்று முடிவு செய்திருக்கிறேன். இன்டெல்லுக்கெனத் தனி இயக்கியை எங்கிருந்தாவது பதிவிறக்கி நிறுவ வேண்டுமா, அல்லது பத்தாண்டை நெருங்கும் வன்பொருளைப் புதிய பதிப்பு கைவிட்டுவிட்டதா?

கரிசல் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். முதலில் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன்: எச்டி கிராஃபிக்ஸ் 520ஐ யாரும் கைவிடவில்லை, அதற்கான இயக்கியை வெளியிலிருந்து பதிவிறக்க வேண்டியதும் இல்லை. லினக்ஸில் இன்டெல் வரைகலைக்கான அனைத்தும் கெர்னலிலும் மெசா என்ற வரைகலை நூலகத் தொகுப்பிலும் அடங்கியிருக்கின்றன. விண்டோஸில் செய்வதுபோல நிறுவிக் கோப்பைத் தேடி அலைவது இங்கே புதுச் சிக்கலைத்தான் விலைக்கு வாங்கித் தரும்.

நான் ஐயப்படுவது ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருளை. டெபியன் 11 வரை கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர்கள் நான்-ஃப்ரீ பிரிவில் கிடந்தன. 2022இல் டெபியன் உருவாக்குநர்களிடையே நடந்த பொது வாக்கெடுப்புக்குப் பிறகு, 12ஆம் பதிப்பில் அவற்றுக்கென நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்றே ஒரு தனிப் பிரிவு வந்துவிட்டது. களஞ்சியப் பட்டியலில் பதிப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு இந்தப் புதிய பிரிவைச் சேர்க்காமல் விட்டவர்களுக்கு, பழைய ஃபர்ம்வேர் தொகுப்பு புதுப்பிக்கப்படாமல் அப்படியே நின்றுவிடும். உங்கள் பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்து, புதுப்பித்து, மறுதொடக்கம் செய்து பாருங்கள். மறுதொடக்கத்துக்குப் பின் கெர்னல் செய்திகளில் ஐ915 தொடர்பாக ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா என்பதையும் தெரிவியுங்கள்.

எக்ஸ்எஃப்86-வீடியோ-இன்டெல் என்ற பழைய எக்ஸ் இயக்கியை நிறுவச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மோட்செட்டிங் போதும்.

வெண்திரை எழுதியது:

கரிசல் ஐயா, விரைவாக விடையளித்ததற்கு நன்றி. நீங்கள் சொன்னது உண்மைதான். அந்தப் பிரிவு என் பட்டியலில் இல்லை. சேர்த்துப் புதுப்பித்ததும் ஃபர்ம்வேர் தொகுப்பின் புதிய பதிப்பு இறங்கியது. கெர்னல் செய்திகளில் இப்போது குறை எதுவும் இல்லை. என் செயலியின் தலைமுறையான ஸ்கைலேக்கிற்கான டிஎம்சி ஃபர்ம்வேர் ஏறியது என்ற வரியும் தெரிகிறது. ஆனால் சாளரங்கள் தள்ளாடவில்லை, நான்தான் தள்ளாடிக்கொண்டிருக்கிறேன். மந்தம் இம்மியும் குறையவில்லை.

வேறொரு சோதனையும் செய்தேன். டெபியன் 12இன் பிளாஸ்மா நேரடி வட்டை யுஎஸ்பியில் எழுதி அதிலிருந்து கணினியைத் தொடங்கினேன். அங்கே எல்லாம் வெண்ணெய் போல ஓடுகிறது. தள்ளாடும் சாளரங்கள் பட்டியலில் இருக்கிறது, சொடுக்கியவுடன் வேலையும் செய்கிறது. அதே கெர்னல், அதே பிளாஸ்மா, அதே கணினி. கனசதுரம் மட்டும் அங்கும் இல்லை.

சிபியு பயன்பாட்டைப் பார்த்தபோது, சாளரத்தை நான் இழுக்கும் வேளைகளில் பிளாஸ்மாவின் சாளர மேலாளரான கேவின் மட்டும் 200 விழுக்காட்டைத் தாண்டுகிறது. உலாவியில் காணொளி ஓடினால் அதுவும் சேர்ந்துகொள்கிறது.

மூலநிரல் எழுதியது:

வெண்திரை அவர்களே, யுஎஸ்பி சோதனைதான் இந்த இழையில் இதுவரை நடந்தவற்றுள் மிகப் பயனுள்ள செயல். கரிசல் சொன்ன ஃபர்ம்வேர் திருத்தம் தேவையானதே. ஆனால் ஸ்கைலேக்கில் டிஎம்சி ஃபர்ம்வேர் இல்லாவிட்டால் மின்சேமிப்புதான் கெடும், முப்பரிமாண வரைவு நின்றுவிடாது. ஏஎம்டியின் ரேடியான் அட்டையாக இருந்தால் கதை வேறு.

இனி சிக்கலுக்கு வருவோம். நீங்கள் காட்டிய சான்றுகள் அனைத்தும் சரியானவை. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. வரைகலை இயக்கி என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் இரண்டு பாதிகள். ஒரு பாதி கெர்னலுக்குள் இருக்கும் ஐ915. அது நினைவகத்தைப் பங்கிடும், திரையை ஒளிரச் செய்யும், வரைகலைச் செயலிக்கு வேலையை அனுப்பும். மறு பாதி மெசாவிலுள்ள ஓப்பன்ஜிஎல் இயக்கி. அது ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தனித்தனியாக ஏற்றப்படும் ஒரு நூலகக் கோப்பு. நீங்கள் ஓட்டிய பிசிஐ கட்டளை முதல் பாதியைப் பற்றி மட்டுமே பேசும். எக்ஸ் சர்வரின் பதிவுக் கோப்பு, எக்ஸ் சர்வர் எந்த மெசா இயக்கியை ஏற்றிக்கொண்டது என்பதை மட்டுமே சொல்லும். கேவினும் உலாவியும் எதை ஏற்றின என்பதற்கு இவ்விரண்டிலும் விடை இல்லை.

நீங்கள் விவரித்த குறிகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: உங்கள் நிரல்களுக்கு எல்எல்விஎம்பைப் வரைந்து கொடுக்கிறது. வன்பொருளுக்கான இயக்கி கிடைக்காதபோது மெசா இறுதிப் புகலிடமாக வைத்திருக்கும் மென்பொருள் வரைவி அது. வரைகலைச் செயலி செய்ய வேண்டியதையெல்லாம் சிபியுவைக் கொண்டே செய்யும். உங்கள் திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை வரைந்தால் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். இரண்டு கருக்கள் கொண்ட செயலி இதைச் சுமந்தால் விசிறி அலறாமல் என்ன செய்யும்?

விளைவுகள் மறைந்ததற்கும் இதுவே காரணம். மென்பொருள் வரைவியில் ஓடுகிறோம் என்று தெரிந்தால், தள்ளாடும் சாளரங்கள் போன்ற பளுவான விளைவுகளைத் தன்னால் தர இயலாது என்று கேவின் தானே அறிவித்துவிடும். இயலாத விளைவுகளைக் காட்டாமல் வடிகட்டுவது அமைப்புகள் பக்கத்தின் இயல்பு. மங்கலையும் அந்த நிலையில் அது தானாக இயக்குவதில்லை. ஆகவே பட்டியலில் இல்லாதது தொகுப்பு விடுபட்டதால் என்று எண்ண வேண்டாம்.

மெசா-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவி, முனையத்தில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள். சுருக்கமான வெளியீட்டுக்குப் பெரிய பி தெரிவைச் சேர்க்கலாம். அதில் ஓப்பன்ஜிஎல் ரெண்டரர் என்ற வரியையும், அதற்கு முன்னால் பிழைச் செய்தி ஏதேனும் வந்தால் அதையும் இங்கே எழுதுங்கள். பிறகு, நிரல்கள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்புகளான சூழல் மாறிகள் அனைத்தையும் அச்சிட்டு, மெசா அல்லது லிப்ஜிஎல் என்று தொடங்கும் பெயர் ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். புதிய பயனருக்கும் அதே நோய் என்றீர்கள். யுஎஸ்பியில் நோய் இல்லை என்றீர்கள். உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு வெளியே, ஆனால் உங்கள் வன்தட்டுக்கு உள்ளே, பயனர் அனைவருக்கும் பொதுவான ஓரிடத்தில் காரணம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஈடிசி கோப்புறையிலுள்ள என்விரான்மென்ட் கோப்பு என் முதல் ஐயம்.

வெண்திரை எழுதியது:

மூலநிரல் ஐயா, கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்றுதான் இருக்கிறது. அருகில் எல்எல்விஎம் 15.0.6, 256 பிட் என்ற குறிப்பு. அதற்கு மேலே, ஐ965 இயக்கியை ஏற்ற முடியவில்லை, அந்தப் பெயருடைய கோப்பைத் திறக்க இயலவில்லை என்று, இயக்கியைத் தேடி ஏற்றும் மெசா லோடரின் பிழைச் செய்தி. என்விரான்மென்ட் கோப்பைத் திறந்தேன். மெசா லோடர் டிரைவர் ஓவர்ரைடு என்ற மாறிக்கு ஐ965 என்று மதிப்புத் தந்து ஒரு வரி. அதற்கு மேல் என் கையாலேயே எழுதிய குறிப்பு: "உலாவி மினுக்கலுக்குத் தற்காலிகத் தீர்வு".

இப்போது நினைவுக்கு வருகிறது. டெபியன் 11 நிறுவிய புதிதில், உலாவியில் பக்கத்தை உருட்டும்போது மினுமினுப்பு வந்துகொண்டிருந்தது. எங்கோ படித்துவிட்டு இந்த வரியைச் சேர்த்தேன், மினுமினுப்பு நின்றது, வரியை மறந்தேன். நான் மறந்தாலும் கணினி மறக்கவில்லை.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. இத்தனை நாள் நன்றாக வேலை செய்த ஐ965, ஒரே மேம்படுத்தலில் எங்கே போயிற்று? மேம்படுத்தும்போது இதைப் பற்றி ஒரு சொல் கூட எச்சரிக்கை வரவில்லையே.

மூலநிரல் எழுதியது:

அது போய் ஓராண்டுக்கும் மேலான பிறகுதான் டெபியன் 12ஏ வெளிவந்தது. முறையாகச் சொல்கிறேன்.

இன்டெல்லின் பழைய தலைமுறைகள் முதல் ஸ்கைலேக் உள்ளிட்ட பல தலைமுறைகள் வரை மெசாவில் ஓப்பன்ஜிஎல் தந்துகொண்டிருந்தது ஐ965. பிற்பாடு, காலியம் என்ற பொதுக் கட்டமைப்பின் மேல் ஐரிஸ் என்ற புதிய இயக்கியை எழுதினார்கள். 2020 பிப்ரவரியில் வந்த மெசா 20.0இல், பிராட்வெல் என்ற இன்டெல் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் ஐரிஸுக்கு இயல்பாக மாறின. ஐ965 பக்கத்திலேயே மாற்றாக வைக்கப்பட்டிருந்தது. உங்கள் டெபியன் 11இல் இருந்தது மெசா 20.3.5. அதாவது இரண்டும் இருந்த காலம் அது. உங்கள் வரி ஐரிஸைத் தள்ளிவிட்டு ஐ965ஐத் தேர்ந்தெடுத்தது. ஹேஸ்வெல், ஐவி பிரிட்ஜ் போன்ற இன்னும் பழையவற்றுக்கு குரோக்கஸ் என்ற மற்றொரு காலியம் இயக்கி வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஐ965க்கு வேலை இல்லை. 2022 மார்ச்சில் வெளியான மெசா 22.0இல் ஐ965ஐயும் வேறு சில பழைய இயக்கிகளையும் முதன்மைக் கிளையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவை ஆம்பர் என்ற தனிக் கிளையில் ஓய்வெடுக்கின்றன. டெபியன் 12இல் உள்ளது மெசா 22.3.6. உங்கள் வரி, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரின் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பதில் வராததால் மெசா சிபியுவிடம் போகிறது. ஐரிஸ் அடுத்த அறையில்தான் இருக்கிறது. ஆனால் ஓவர்ரைடு என்றால் கட்டளை, பரிந்துரையல்ல. அந்தப் பெயர் இல்லையென்றால் வேறு வன்பொருள் இயக்கியைத் தேடும் உரிமை லோடருக்கு இல்லை.

எச்சரிக்கை ஏன் வரவில்லை என்றால், கையால் எழுதிச் சேர்த்த சூழல் மாறியின் பொருளைத் தொகுப்பு மேலாளர் படித்துப் பார்ப்பதில்லை. எக்ஸ் சர்வரின் பதிவு ஏன் நலமாக இருந்தது என்பதும் இதிலேயே விளங்கும்: அந்தக் கோப்பு நீங்கள் உள்நுழையும்போது படிக்கப்படுகிறது, எக்ஸ் சர்வரோ அதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. அதனால் அதன் கையில் ஐரிஸ், உங்கள் கேவினின் கையில் எல்எல்விஎம்பைப்.

திருத்துவதற்கு முன் ஐந்து நொடிச் சோதனை ஒன்று செய்யுங்கள். ஒரு முனையத்தில் மட்டும் அன்செட் கட்டளையால் அந்த மாறியை நீக்கிவிட்டு, அங்கேயே ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை மீண்டும் ஓட்டுங்கள். மெசா இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 520 என்று வந்தால் ஐயம் தீர்ந்தது. பிறகு என்விரான்மென்ட் கோப்பில் அந்த வரியை அழித்துவிடுங்கள். முன்னால் எண் குறியிட்டு முடக்கி வைத்தால் இன்னொரு நாள் அதை எடுத்துவிட நேரும், எனவே அழிப்பதே மேல். வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

பனையோலை எழுதியது:

விடை கிடைத்துவிட்டது, விடுபட்ட இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, வெண்திரை இப்போது இருக்கும் மனநிலையில் ஐ965 என்று கண்ணில் படும் எல்லாவற்றையும் துடைத்தெறியத் தோன்றும். பொறுக்கவும். ஐ965 என்ற பெயரில் காணொளிக் குறிவிலக்கத்துக்கான விஏ-ஏபிஐ இயக்கி ஒன்றும் இருக்கிறது. மெசாவின் ஐ965க்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவு இல்லை. மெசாவிலிருந்து அது போனதால் இது போய்விடவில்லை. உங்கள் ஸ்கைலேக்கிற்கு ஐஎச்டி என்ற புதிய விஏ-ஏபிஐ இயக்கியும் பொருந்தும், பழைய ஐ965உம் பொருந்தும்; எது இருந்தாலும் இருக்கட்டும். கெர்னலில் ஐ915, மெசாவில் ஐ965, காணொளிக்கு இன்னொரு ஐ965 என்று பெயர் வைத்தவர்களை நானும் பலமுறை மனத்துக்குள் திட்டியிருக்கிறேன்.

இரண்டாவது, கனசதுரம். யுஎஸ்பியிலும் அது இல்லை என்று நீங்கள் எழுதியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்கும் இயக்கிக்கும் தொடர்பே இல்லை, பிளாஸ்மா 5.20க்கும் 5.27க்கும் இடையில், பழைய முறையில் எழுதப்பட்டிருந்த கனசதுரத்தைக் கேவினிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எனவே டெபியன் 12இல் எந்த இயக்கியைப் போட்டாலும் அது வராது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்து அமைப்புக் கோப்புகளில் அதன் பெயரை எழுதிப் பயனில்லை. 2024 பிப்ரவரி 28இல் வந்த பிளாஸ்மா 6.0இல் அதைப் புதிதாக எழுதி மீண்டும் சேர்த்தார்கள். 2025 ஆகஸ்ட் 9இல் வெளியான டெபியன் 13இல் பிளாஸ்மா 6.3 இருப்பதால், 12இலிருந்து 13க்கு ஏறும்போது கிடைக்கும். எனக்குப் பழைய கனசதுரத்தின் சுழற்சிதான் பிடிக்கும், ஆனால் அது என் வயதின் கோளாறாகவும் இருக்கலாம்.

13க்கு ஏறும் முன் ஈடிசியில் உங்கள் கைபட்ட பிற கோப்புகளையும் ஒருமுறை பாருங்கள். எக்ஸ்11 கோப்புறையில் பழைய இன்டெல் அமைப்புத் துண்டு ஏதேனும் கிடக்கிறதா? கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் ஐ915 என்று தொடங்கும் தொடக்கத் தெரிவு ஏதேனும் சேர்த்திருக்கிறீர்களா? ஒரு தற்காலிகத் தீர்வு எழுதியவர் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

வெண்திரை எழுதியது:

முனையச் சோதனையில் மெசா இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 520 என்ற வரியைக் கண்டதும் வரியை அழித்துவிட்டு மீண்டும் நுழைந்தேன். தள்ளாடும் சாளரங்கள் பட்டியலில் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. முன்பு நான் இட்ட குறி கூட அழியவில்லை. சாளரத்தின் மேற்பட்டையை மெல்ல இழுத்தேன். பிடித்த இடம் முன்னே வர, எதிர் மூலை ஒரு கணம் தயங்கி, வளைந்து, பின்னால் வந்து சேர்ந்தது. பட்டியின் பின்புறம் மீண்டும் மங்கலாகிவிட்டது. சாளரத்தை இழுக்கும்போதும் கேவின் இப்போது 10 விழுக்காட்டைத் தொடுவதில்லை. விசிறி நின்றுவிட்டதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

மினுமினுப்பு திரும்பி வருமோ என்றுதான் அஞ்சினேன். ஒரு மணி நேரம் வேண்டுமென்றே நீண்ட பக்கங்களைத் திறந்து உருட்டிப் பார்த்தேன். ஐரிஸில் இப்போது அது இல்லை.

பனையோலை ஐயா, நீங்கள் சொன்னதுபோலவே ஒன்றோடு நிறுத்தவில்லை. எக்ஸ்11 கோப்புறையில் எதுவும் கிடையாது. ஆனால் கிரப் அமைப்பில், திரைத் தன்-புதுப்பிப்பை முடக்கும் ஐ915 தெரிவு ஒன்று இருந்தது. எதற்காகச் சேர்த்தேன் என்று குறிப்பும் எழுதி வைக்கவில்லை. அதை எடுத்துவிட்டு இரண்டு நாட்களாகப் பயன்படுத்துகிறேன். இதுவரை வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 13க்கு அடுத்த மாதம் ஏறுவதாக எண்ணம். கனசதுரம் சுழன்றால் இந்த இழையிலேயே எழுதுகிறேன்.